இரண்டாம் ஸ்ரீரங்கர்

இரண்டாம் ஸ்ரீரங்கர், விசயநகரப் பேரரசின் அரவீடு மரபைச் சேர்ந்த அரசர். 1614-இல் வேலூரில் அரியணை ஏறிச் சில மாதங்களே ஆண்டார். வாரிசுரிமைப் போட்டியில் குடும்பத்தோடு மாண்டார்.

பின்னணி

வேலூரிலிருந்து ஆண்ட வேங்கடபதி தேவராயருக்கு வாரிசு இல்லை. 1614 அக்டோபரில் இறக்கும் தறுவாயில், அண்ணன் இராமரின் மகனான ஸ்ரீரங்கரிடம் அரச மோதிரத்தை ஒப்படைத்தார். ஆனால் அவருடைய அரசியருள் ஒருவர் தம் மகன் என்று ஒரு சிறுவனை வளர்த்துவந்தார். அவன் அந்தணர் வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவன் என்று அக்கால இயேசு சபைத் துறவி பர்ராதாஸ் எழுதுகிறார். அரசியின் பிறந்த வீட்டாரான கொப்பூரி ஜக்கராயர் அச்சிறுவனுக்காகக் களமிறங்கினார்.

வீழ்ச்சி

புதிய அரசர் பெருந்தலைவர்களின் ஆதரவைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. ஜக்கராயர் கோட்டையை வளைத்து அவரைக் குடும்பத்தோடு சிறைவைத்தார். வெலுகோட்டி எச்சம நாயக்கர் மட்டும் அரசர் பக்கம் உறுதியாக நின்றார். அவருடைய ஏற்பாட்டில் சலவைத் தொழிலாளி ஒருவர், அரசரின் மகன் இராமதேவனை அழுக்குத்துணி மூட்டைக்குள் வைத்துக் காவலைக் கடந்து வெளியே கொண்டுவந்தார். சுரங்க வழியே தப்ப அரசர் செய்த முயற்சி தோற்றது. சிறையிலேயே அவர் உயிரும் குடும்பத்தார் உயிரும் போயின. ஒரு மரபு அற்றுப்போகாமல் காத்தவர், பெயர்கூடப் பதிவாகாத அந்தத் தொழிலாளியே.

உள்நாட்டுப் போர்

இராமதேவனுக்குத் தஞ்சை இரகுநாத நாயக்கரும், ஜக்கராயருக்கு மதுரை, செஞ்சி நாயக்கர்களும் துணைநின்றனர். கல்லணை அருகே தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயர் கொல்லப்பட்டார். இராமதேவர் 1632 வரை ஆண்டாலும் நாயக்கர்கள் மீது பழைய பிடி திரும்பவில்லை.

பழவேற்காடும் இப்பூசலும்

ஏரிக்கரைத் துறைமுகமான பழவேற்காடு, வேங்கடபதியின் அரசியருள் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. அங்கே டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். மறு ஆண்டே வேலூர் அரண்மனை பிளவுபட்டதால், கரையில் காலூன்றிய வணிகரைக் கட்டுப்படுத்த வலுவான அரசு இல்லாமல் போயிற்று. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் பழவேற்காடுதான். இன்று மீனவக் குப்பங்களுக்கு நடுவே கோட்டை புதர்மண்டிக் கிடக்கிறது. செதுக்குக் கற்களோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் எஞ்சியிருக்கிறது. பழவேற்காட்டின் வரலாற்றை டச்சுக்காரர் வருகையோடு மட்டும் தொடங்குவோர், அவர்கள் வலுப்பெற வழிவிட்ட இந்த அரண்மனைப் பூசலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.