பஷீரின் நோயும் நமது மௌனமும்

திருப்பூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே செல்லும் ரயில் சில மணி நேரத்தில் கோழிக்கோட்டை அடைந்துவிடும். அதை அடுத்த பேப்பூரில் வாழ்ந்து, 1994 ஜூலை 5 அன்று மறைந்தவர் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1982இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இவற்றைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம், அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பதைச் சொல்லத் தயங்குகிறோம். அவரோ தயங்கவில்லை.

1959இல் நூலாக வெளிவந்த 'பாத்துமாவின் ஆடு' கதையை, 1954இல் மனநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்தபோது எழுதியதாக அதன் முன்னுரையிலேயே அறிவித்தார். பலமுறை திருத்தி எழுதும் வழக்கமுடைய அவர், இக்கையெழுத்துப் படியைத் திருத்தாமலே அச்சுக்குக் கொடுத்தார்.

அக்கதையில் இருளோ புலம்பலோ இல்லை. தலயோலப்பறம்பில் உம்மா, தம்பிமார், தங்கைமார், குழந்தைகள் என நிரம்பி வழியும் ஏழை வீடு இருக்கிறது. தங்கை பாத்துமாவின் ஆடு அவருடைய 'பால்யகாலசகி', 'சப்தங்கள்' ஆகிய நூல்களைத் தின்று தீர்க்கிறது. கம்பளியில் வாய்வைக்கும்போதுதான் பஷீர் பதறி ஓடுகிறார். நோயின் நடுவே அவர் மனம் சென்றடைந்த இடம் வீடு. நோய்தான் கலையைத் தந்தது என்று நாம் புகழ வேண்டியதில்லை. சிகிச்சையும், தன்னை விலக்காத உறவுகளின் நினைவும் உடனிருந்ததால் அவர் எழுத முடிந்தது.

மனநோயை நோயாகவே காணும் இப்பார்வை நம் மரபுக்குப் புதிதன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என்று அன்றே பிரித்துக் காட்டினார்.

அம்மரபை நாம் மறந்ததன் விலையை ஏர்வாடி சொல்லும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவைச் சூழ்ந்திருந்த தனியார் காப்பகங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுக்கும் ஓர் உம்மாவோ அம்மாவோ, தம்பி தங்கைகளோ இருந்திருப்பார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் தடை செய்கிறது.

பனியன் கம்பெனிகளின் இரவு ஷிப்டுகளுக்கும் கடன் தவணைகளுக்கும் இடையே, திருப்பூரின் பல வீடுகளில் உறக்கமும் பேச்சும் இழந்த ஒருவர் இருக்கக்கூடும். திருமணம் தடைப்படும், ஜமாஅத்தார் பேசுவார்கள் என்றஞ்சி அவரை மறைக்க வேண்டாம். துஆ செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். அரசின் டெலி மானஸ் எண்ணான 14416 கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. அவர் பஷீரைப் போல எழுத வேண்டியதில்லை. குடும்பத்தோடு அமர்ந்து உணவருந்தும் இடம் அவருக்கு உறுதியாக இருந்தால் போதும்.