மகளுக்கும் பிறந்தநாள்!

பெண் மகவின் முதற் பிறந்தநாள்! ஓசூர் ஆலைத் தொழிலாளர் தெருக்களில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் கூடி வாழ்த்துகின்றனர். இதிலென்ன புதுமை என்பீர். வரலாற்றைப் புரட்டுவீர், விளங்கும்.

2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. அதுவரை இப்பகுதி தருமபுரியோடு இணைந்திருந்தது. அம்மாவட்டத்தில், பெண் பிறந்ததும் தாலாட்டுக்கு மாறாகக் கள்ளிப்பாலைத் தேடிய வீடுகளும் இருந்தன. 1992-இல் சேலத்தில் தோன்றிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டில் உயிரைக் காத்தது. ஆயின், தாயினின்று பிரித்தன்றோ காத்தது?

கொடுமைக்கு வேர் எது? தாயின் கல்நெஞ்சமா? அன்று. மகனை வரவிலும் மகளைச் செலவிலும் எழுதிய சமுதாயக் கணக்கே வேர். வரதட்சணை 1961-இலேயே குற்றமாயிற்று, கணக்கோ மாறவில்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கியது. மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழகத்தில் சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பிறந்தநாட்கள் பிறவாமலே மடிந்தனவோ!

பள்ளிப் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியராகிய நாம் கேட்பது இதுவே: மகனுக்கு ஊரழைக்கும் தோழரே, மகளுக்கும் அழையுங்கள். புத்தாடையோடு புத்தகமும் கொடுங்கள். சொத்தில் பங்கையும் எழுதுங்கள். அதுவே மெய்யான வாழ்த்து!