ஃபுளோரிடா ஸ்டேட் செமினோல்ஸ்: 2024 ஆட்டப் பருவம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் உள்ள ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அணி ‘செமினோல்ஸ்’ என்று அழைக்கப்படுகிறது. 2024 பருவத்தில் இந்த அணி 12 ஆட்டங்கள் ஆடி 2-ல் வென்றது, 10-ல் தோற்றது. முந்தைய பருவத்தில் இதே அணி, இதே தலைமைப் பயிற்சியாளர் மைக் நார்வெல்லின் கீழ் 14 ஆட்டங்களில் 13-ஐ வென்றிருந்தது. ஓராண்டுக்குள் 11 வெற்றிகள் குறைவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அரிது. பருவம் தொடங்கும்போது நாட்டின் 10-வது சிறந்த அணி என்று மதிப்பிடப்பட்ட அணிக்கு இது நேர்ந்ததால், அப்பருவத்தின் மிகப் பெரிய சரிவாக இது பேசப்பட்டது.

இங்கே காற்பந்து என்பது இரு முனை கூரான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். நம்மூரில் ஃபுட்பால் என்றதும் நினைவுக்கு வரும் ஆட்டம் வேறு. இதில் முறைப்படியான பருவத்துக்கே 12 ஆட்டங்கள்தான். ஓர் ஆட்டத்தில் தோற்றாலே பட்டக் கனவு ஆட்டம் காணும். இரண்டில் தோற்றால் பல ஆண்டுகளில் கதை முடிந்தது.

பின்னணி

1947 வரை ஃபுளோரிடா ஸ்டேட் பெண்கள் கல்லூரி. போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்குப் படிக்க இடம் தேவைப்பட்டபோது ஆண்களையும் சேர்த்தது. அதே ஆண்டில் பிறந்த காற்பந்து அணி தன் முதல் 5 ஆட்டங்களிலும் தோற்றது. 1973-ல் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோல்வி. 1974-ல் ஒரே ஒரு வெற்றி. 1976-ல் பாபி பௌடன் பயிற்சியாளராக வந்த பிறகே அணிக்கு விடிவு பிறந்தது. 1987 முதல் 2000 வரை 14 பருவங்கள் இடைவிடாமல் நாட்டின் முதல் 5 அணிகளுக்குள் நின்றது. 1993, 1999 ஆகிய ஆண்டுகளில் பௌடனின் கீழும், 2013-ல் ஜிம்போ ஃபிஷரின் கீழும் தேசியப் பட்டம் வென்றது. டல்லஹாசியில் அணி எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்பதை இந்த ஆண்டுகள்தான் தீர்மானித்தன. 8 வெற்றி பெற்றாலும் அங்கே முகம் சுளிப்பார்கள்.

இந்த அணிக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு. 1962-ல் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்ட அணியிடம், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் குழுவில் இருந்த பேராசிரியர் டீன் கோயல் மூர், அந்த ஊர்த் திடலிலிருந்து கொஞ்சம் புல் பெயர்த்து வாருங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டார். 18-0 என்று வென்ற அணியின் தலைவர் ஜீன் மெக்டவல், வேரோடும் மண்ணோடும் ஒரு பிடி பெயர்த்து எடுத்து வந்தார். அன்று முதல், தோற்பார்கள் என்று கணிக்கப்பட்ட வெளியூர் ஆட்டத்தில் வென்றால், அந்தத் திடலின் புல்தரைத் துண்டு ஒன்று ஊர் வந்து சேரும். பயிற்சித் திடலுக்கு அருகே அதைப் புதைத்து, மேலே எதிரணியின் பெயரும் புள்ளி எண்ணிக்கையும் பொறித்த பட்டயம் பதிப்பார்கள். கல்லறைத் தோட்டம் என்றே அந்த இடத்துக்குப் பெயர்.

முந்தைய பருவத்தின் காயம்

2024-ஐப் புரிந்துகொள்ள 2023 நவம்பரிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நவம்பர் 18 அன்று, அணியின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்தது. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, ஆட்டம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவெடுப்பவர். அவர் இல்லாவிட்டால் அணியே வேறு. ஆனாலும் செமினோல்ஸ் மீதி ஆட்டங்களையும் வென்றது. லூயிவில்லை 16-6 எனத் தோற்கடித்து அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் (ஏசிசி) பட்டத்தைக் கைப்பற்றியபோது 13 ஆட்டங்களில் 13 வெற்றி.

தேசியப் பட்டத்துக்கான சுற்றில் அன்று 4 இடங்கள்தான். டிசம்பர் 3 அன்று தேர்வுக் குழு செமினோல்ஸை 5-வதாக வைத்து, ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கு 4-வது இடத்தைக் கொடுத்தது. டிராவிஸ் இல்லாத அணி பழைய அணி அல்ல என்பது குழுவின் வாதம். பெரிய கூட்டமைப்பு ஒன்றின் பட்டத்தைத் தோல்வியே காணாமல் வென்ற அணி இப்படி விடப்பட்டது அதுவே முதல் முறை. மனம் விட்டுப்போன வீரர்கள் பலர், பருவத்தின் கடைசி ஆட்டமான ஆரஞ்சு பௌலுக்கு வரவில்லை. மிஞ்சியவர்களை ஜார்ஜியா 63-3 என்று நொறுக்கியது. அடுத்த ஆண்டே தேர்வு 12 அணிகளாக விரிவாக்கப்பட்டது. ஓராண்டு முன்பே வந்திருந்தால் செமினோல்ஸை யாரும் தடுத்திருக்க முடியாது.

டப்ளினிலிருந்து சவுத் பெண்ட் வரை

2024 ஆகஸ்ட் 24 அன்று, அயர்லாந்தின் டப்ளினில் உள்ள அவீவா அரங்கில் பருவம் தொடங்கியது. எதிரணி ஜார்ஜியா டெக். ஆட்டம் 21-21 எனச் சமமான பிறகு, ஜார்ஜியா டெக் பந்தைத் திருப்பித் தராமலே கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக் கடிகாரத்தைக் கரைத்தது. கடைசி நொடியில் எய்டன் பர் 44 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 24-21. கடல் கடந்து போன களைப்பு, முதல் ஆட்டத்துப் பதற்றம் என்று சமாதானம் சொல்ல அப்போது இடம் இருந்தது. ஒன்பதாம் நாள், சொந்த மண்ணில் பாஸ்டன் காலேஜிடம் 28-13 என்று தோற்றதும் அந்தச் சமாதானம் செல்லாக்காசானது. தரவரிசைப் பட்டியலிலிருந்தும் அணி வெளியேறியது.

மூன்றாவது தோல்வி மெம்பிஸிடம், 20-12. நார்வெல் இங்கு வருமுன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அதே மெம்பிஸ். கலிஃபோர்னியாவை 14-9 என்று ஒருவழியாக வென்ற பிறகு, டல்லஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக அணி 42-16 என்று அடித்தது. அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் டி.ஜே. உயாகலேலேயின் கையில் காயம். அதோடு அவர் பருவம் முடிந்தது. பிறகு வந்தவர்கள் அனுபவம் குறைந்த ப்ராக் க்ளென்னும் முதலாண்டு மாணவர் லூக் க்ரோமன்ஹோக்கும்.

கிளெம்சன் 29-13. அக்டோபர் 18 அன்று டியூக் 23-16. அதற்கு முன் 22 முறை மோதி 22-லும் செமினோல்ஸிடம் தோற்றிருந்த அணி அது. மயாமி 36-14. வட கரோலினா 35-11. நவம்பர் 9 அன்று சவுத் பெண்டில் நோட்ர டேம் 52-3. மறுநாளே தாக்குதல் பிரிவின் பயிற்சியாளர் அலெக்ஸ் அட்கின்ஸ், தற்காப்புப் பயிற்சியாளர் ஆடம் ஃபுல்லர், பந்து பிடிப்போரின் பயிற்சியாளர் ரான் டுகன்ஸ் மூவரையும் நார்வெல் வீட்டுக்கு அனுப்பினார். கீழ்நிலைப் பிரிவில் ஆடும் சார்ல்ஸ்டன் சதர்னை 41-7 என்று வென்றது ஆறுதல். பரம வைரியான ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திடம் சொந்த ஊரில் 31-11 என்று தோற்றது முற்றுப்புள்ளி. 1974-க்குப் பிறகு இவ்வளவு மோசமான பருவத்தை டல்லஹாசி கண்டதில்லை.

பருவம் முழுக்க அணி எடுத்தது 185 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 15.4. அதிலும் சார்ல்ஸ்டன் சதர்ன் ஆட்டத்தின் 41-ஐக் கழித்துப் பார்த்தால்தான் நிலைமை முழுதாகத் தெரியும்: டப்ளினில் எடுத்த 21-க்குப் பிறகு, தன் தரத்து அணி எதற்கும் எதிராக 16-ஐத் தாண்டவே இல்லை.

காரணங்கள்

டிசம்பர் அநீதி வீரர்களின் மனதை உடைத்துவிட்டது, அதனால்தான் சரிவு என்பது ரசிகர்களிடையே பரவலான விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அநீதிக்கு ஆளான வீரர்களில் முக்கியமானவர்கள் 2024-ல் அணியிலேயே இல்லை. 2024 ஏப்ரலில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், வீரர் தேர்வில் இந்த அணியிலிருந்து 10 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் வேறு பல்கலைக்கழகங்களில் ஆடிவிட்டு வந்தவர்கள்: ஜாரெட் வெர்ஸ் ஆல்பனியிலிருந்து, கியான் கோல்மன் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து, ப்ரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து, ட்ரே பென்சன் ஓரிகனிலிருந்து. டிராவிஸே லூயிவில்லிலிருந்து வந்தவர்.

அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ முறையை நார்வெல் அளவுக்குத் திறமையாகப் பயன்படுத்தியவர்கள் அன்று குறைவு. 2020-ல் 3 வெற்றி, 2021-ல் 5, 2022-ல் 10, 2023-ல் 13 என்று ஏறிய ஏணி அதுதான். அறுவடை நாற்றங்காலில் தொடங்கவில்லை. ஆள் கூட்டி வந்து முடித்த அறுவடை. ஆட்கள் ஊருக்குப் போனதும், பள்ளியிலிருந்து நேரே சேர்த்து மூன்று நான்கு ஆண்டு பயிற்றுவித்த வீரர்கள் போதிய அளவில் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. மறுபடியும் போர்ட்டலில் பிடித்தவர்கள் இம்முறை சோபிக்கவில்லை. கிளெம்சனிலும் ஓரிகன் ஸ்டேட்டிலும் ஆடிவிட்டு வந்த உயாகலேலே, நின்ற இடத்திலிருந்து பந்தை வீசுபவர். முன்வரிசை உடைந்தால் நழுவி ஓடி ஆட்டத்தை மீட்கும் கலை டிராவிஸுடையது. முன்வரிசையோ ஆட்டத்துக்கு ஆட்டம் உடைந்தது.

இதில் கசப்பான ஒரு துணைக்கதை உண்டு. நாட்டின் முதல்தரப் பள்ளி வீரராகக் கருதப்பட்ட டிராவிஸ் ஹண்டர், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். 2021 டிசம்பரில், கையெழுத்திடும் நாளன்று, மனம் மாறி ஜாக்சன் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். செமினோல்ஸ் 10 முறை தோற்ற அதே 2024-ல், கொலராடோவுக்கு ஆடிய ஹண்டர் கல்லூரிக் காற்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றார்.

பயிற்சியாளர் தரப்பும் நேர்த்தியாக இல்லை. ஆட்சேர்ப்பு விதிமீறலுக்காக அட்கின்ஸ் முதல் 3 ஆட்டங்களுக்குத் தடைபட்டிருந்தார். எந்த ஆட்டமுறையை ஆடுவது என்று முடிவெடுப்பது நார்வெல்லின் கையில்தான் இருந்தது. துணைவர்களை நீக்கினாலும் அந்தப் பொறுப்பு அவரை விட்டு விலகாது.

பணமும் வழக்கும்

2024 ஜனவரியில் அலபாமாவின் நிக் சேபன் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு நார்வெல் பெயரும் அடிபட்டது. அவரை விட்டுவிடக்கூடாது என்ற அவசரத்தில், ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பளத்தில் 8 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். சரிவுக்குப் பிறகு அவரை நீக்க வேண்டுமானால் 6 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்ற நிலை. நீக்கவில்லை. நார்வெல் தன் 2025 சம்பளத்தில் 45 லட்சம் டாலரை அணியின் வளர்ச்சி நிதிக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையே பல்கலைக்கழகம் தன் சொந்தக் கூட்டமைப்பின் மீதே வழக்குப் போட்டிருந்தது. ஏசிசியின் தொலைக்காட்சி வருவாய் பிற பெரிய கூட்டமைப்புகளைவிடக் குறைவு, இதனால் ஆண்டுக்கு 3 கோடி டாலர் பின்தங்குவோம் என்று விளையாட்டுத் துறை இயக்குநர் மைக்கேல் ஆல்ஃபர்ட் 2023-லேயே சொல்லியிருந்தார். வெற்றி பெறும் அணிக்கு அதிகப் பங்கு என்ற புதிய விதியை வற்புறுத்திக் கேட்டவர்களில் ஃபுளோரிடா ஸ்டேட் முன்னணி. அந்த விதி நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டுதான் 2024. பலன் அனுபவித்தவர்கள், 12 அணிச் சுற்றுக்குத் தேர்வான கிளெம்சனும் சதர்ன் மெதடிஸ்ட்டும். பின்னது அந்த ஆண்டுதான் ஏசிசியில் சேர்ந்தது. சேர்வதற்காகத் தொலைக்காட்சிப் பங்கையே 9 ஆண்டுகளுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அணி.

2025 மார்ச்சில் வழக்கு சமரசமானது. தொலைக்காட்சிப் பணத்தின் பெரும்பகுதி இனி பார்வையாளர் எண்ணிக்கையின்படி பிரிக்கப்படும். கூட்டமைப்பை விட்டு விலகும் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2030-31 பருவத்தில் 7.5 கோடி டாலராகும்.

2025-ம் அடுத்து வரும் ஆண்டுகளும்

தாக்குதல் பிரிவுக்கு கஸ் மால்சானும் தற்காப்புக்கு டோனி வைட்டும் வந்தார்கள். மால்சான், நார்வெல் துல்சாவில் கற்றுக்குட்டியாக இருந்தபோது அங்கே மூத்த பயிற்சியாளராக இருந்தவர். குவார்ட்டர்பேக்காக வந்தவர் டாமி காஸ்டெயனோஸ். முந்தைய ஆண்டு பாஸ்டன் காலேஜுக்காக டல்லஹாசிக்கு வந்து செமினோல்ஸைத் தோற்கடித்தவர் அவரே.

2025 ஆகஸ்ட் 30 அன்று அலபாமாவை 31-17 என்று வென்றது ஊரைத் திருவிழாவாக்கியது. ரசிகர்கள் திடலுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். ஆனால் வெர்ஜினியாவில் இரண்டு கூடுதல் நேரச் சுற்றுகள் ஆடி 46-38 என்று தோற்றதிலிருந்து மீண்டும் சரிவு. ஸ்டான்ஃபோர்டில் 20-13, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் திடலில் 40-21. பருவம் 5 வெற்றி, 7 தோல்வி என முடிந்தது. இரண்டு பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால் டல்லஹாசிக்கு வெளியே ஒரு வெற்றிகூட இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வெளியூர் மண் கிடைக்கவில்லை.

இம்முறையும் நார்வெல் நீக்கப்படவில்லை. நீக்க 5 கோடி டாலருக்கு மேல் ஆகும். 2026-க்கும் அவரே பயிற்சியாளர் என்று பல்கலைக்கழகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இனிக் கணக்கும் மாறிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ சமரசத்தின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு 2025-26-ல் நேரடியாக 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம். ஆண்டுதோறும் சந்தைக்குப் போய் அணி கட்டுவதற்கு இது வசதிதான். ஆனால் அந்தச் சந்தையில் எல்லோர் கையிலும் இப்போது அதே பணம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கவோ ஆண்டுகள் பிடிக்கும். அணியின் சொந்தத் திடலான டோக் கேம்பெல் அரங்கை 26.5 கோடி டாலரில் புதுப்பித்து, இருக்கைகளைக் குறைத்து விலையைக் கூட்டியிருக்கிறார்கள். சொந்த ஊர் ஆட்டம் ஒவ்வொன்றின் முன்பும் செமினோல் தலைவர் ஒசியோலா வேடமிட்ட மாணவர் ரெனகேட் என்ற குதிரையில் பாய்ந்து வந்து, எரியும் ஈட்டியைத் திடலின் நடுவே குத்தும் சடங்கு 1978 முதல் நடக்கிறது. 2 வெற்றிப் பருவத்திலும் அது ஒரு முறையும் தவறவில்லை.