எட்டு அவுன்ஸ் கரியில் ஒரு விருந்து

நண்பரின் மகளுக்குப் புதுசாகக் கல்யாணமாகி, பெங்களூரில் தனிக்குடித்தனம். ‘கிச்சனுக்கு என்னென்ன வாங்கணும் அங்கிள்?’ என்று போன் செய்தாள். ஒரு இருப்புச்சட்டி, ஒரு தோசைக்கல், பால் காய்ச்ச ஒரு பாத்திரம், மூன்று லிட்டர் குக்கர் ஒன்று. இரண்டு பேருக்கு இது போதும். கடைக்காரர் காட்டும் பதினெட்டுப் பாத்திர செட் எல்லாம் நேராகப் பரணுக்குத்தான் போகும்.

‘குக்கர் மட்டும் வேணாம் அங்கிள். வெடிச்சிடும்னு பயமா இருக்கு’ என்றாள்.

நியாயமான பயம்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் குக்கரைக் கண்டுபிடித்தவருக்கே அது இருந்திருக்கிறது.

தெனி பாப்பேன். பிரெஞ்சுக்காரர். படித்தது டாக்டருக்கு. ஆனால் நாடி பிடித்துப் பார்ப்பதைவிட நீராவியைப் பிடித்து அடைப்பதில்தான் மனிதருக்கு ஆசை. லண்டனுக்கு வந்து ராபர்ட் பாயிலிடம் வேலை பார்த்தார். 1679-ல் ராயல் சொசைட்டியில் ஒரு கனத்த இரும்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கி அடுப்பில் ஏற்றினால், வெளியேற வழியில்லாமல் ஆவி உள்ளேயே நெருக்கும். தண்ணீரின் கொதிநிலை நூறு டிகிரியைத் தாண்டும். (நம் வீட்டு குக்கரில் இது ஏறக்குறைய 120.) எலும்புகூட மசிந்துவிடும்.

எலும்புதான் அவருடைய குறியே. கசாப்புக் கடையில் தூக்கிப் போடுவதை வேகவைத்து ஏழைகளுக்குச் சத்துள்ள உணவாக்க முடியாதா? அதுவும் கொஞ்சம் கரியில்?

சரி, ஆவி அளவுக்கு மீறினால்? மூடியில் ஒரு ஓட்டை போட்டு, அதை அடைத்துக்கொண்டு ஒரு நெம்புகோலை வைத்தார். அதன் நுனியில் எடைக்கல். நம்மூர் வெள்ளிக்கோல் மாதிரி. அழுத்தம் அதிகமானால் ஆவி எடையைத் தூக்கிவிட்டு வெளியேறும். இன்றைக்கு நம் குக்கர் தலையில் ‘உஸ்ஸ்’ என்று ஆடுகிற வெயிட்டுக்குப் பாட்டனார் இவர்தான். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார். மூடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். அது ஆவியாக எத்தனை வினாடி ஆகிறது என்று ஊசலைப் பார்த்து எண்ணுவார். நாம் விசில் எண்ணுகிறோமே, அதேதான்.

1682 ஏப்ரல் 12. ராயல் சொசைட்டிக்காரர்களுக்கு இந்தப் பாத்திரத்தில் சமைத்து விருந்து வைத்தார். அதில் சாப்பிட்ட ஜான் ஈவ்லின் தன் டைரியில் ரசித்து எழுதியிருக்கிறார். மாட்டெலும்பு, ஆட்டெலும்பு எல்லாம் குழைந்துவிட்டனவாம். செலவான கரி எட்டு அவுன்சுக்கும் குறைவு, அதாவது கால் கிலோகூட இல்லை. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படுகிறது. ஈவ்லின் அந்த எலும்புப் பாகில் ஒரு கிளாஸ் மனைவிக்கும் அனுப்பிவைத்தார். நல்ல புருஷன்.

பாப்பேனுக்கு அதற்கப்புறம் இறங்குமுகம். அவர் புராட்டஸ்டன்ட். 1685-க்குப் பிறகு பிரான்ஸ் கதவு மூடிவிட, ஜெர்மனிக்குப் போய்ப் பேராசிரியரானார். மூடியைத் தூக்குகிற ஆவி ஒரு பிஸ்டனைத் தூக்காதா என்று யோசித்து 1690-ல் எழுதினார். நீராவி எஞ்சினுக்கு விதை அது. 1707-ல் துடுப்புச் சக்கரம் வைத்த படகில் லண்டனுக்குக் கிளம்பினார். ‘நீராவிப் படகு’ என்று பலர் எழுதிவிட்டார்கள். இல்லை, கையால் சுற்றுகிற சக்கரம். முண்டன் என்ற ஊரில் படகோட்டிகள் சங்கத்தார், எங்கள் ஆற்றில் நீ யார் என்று அதை உடைத்தே விட்டார்கள்.

லண்டன் வந்து சேர்ந்தபோது பழைய நண்பர்களில் பலர் இல்லை. ராயல் சொசைட்டியின் தலைவர் நாற்காலியில் நியூட்டன். கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, காசு வரவில்லை. 1712 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில் தன் வறுமையைப் புலம்பியிருக்கிறார். அதே வருஷம்தான் நியூகாமனின் நீராவி எஞ்சின் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்க ஆரம்பித்தது. பாப்பேனைப் பற்றி அதன்பின் தகவலே இல்லை. எங்கே செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று மூன்று நூற்றாண்டு யாருக்கும் தெரியாது. ஒரு பழைய சர்ச் பதிவேட்டில்தான் பெயர் அகப்பட்டது: ஃப்ளீட் தெரு, செயின்ட் பிரைட்ஸ் தேவாலயம், 1713 ஆகஸ்ட் 26. அறுபத்தாறாவது பிறந்தநாள் முடிந்து நாலு நாள்.

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அப்ப கேஸ்கட் எக்ஸ்ட்ரா ஒண்ணு வாங்கிக்கவா அங்கிள்?’ என்றாள்.