திருப்பெயர்த் துதி: தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில்

கடவுளை அவருடைய பெயர்களாலும் அடைமொழிகளாலும் விளித்துப் போற்றும் வழிபாட்டு முறை. சபைகளில் ‘ஸ்தோத்திரம்’, ‘துதி ஆராதனை’, ‘ஸ்தோத்திர பலி’ என்று வழங்கும். கத்தோலிக்கரிடம் ‘பிரார்த்தனை’, ‘மன்றாட்டு மாலை’ என்ற வடிவில் உள்ளது. இதன் வரலாற்றில் பாதி, கடவுளைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது என்ற வழக்கின் வரலாறு. வழக்கில் தீர்ப்பெழுதியவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். தீர்ப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் பாடியவர்கள்.

அச்சில் கிடைக்கும் பழைய பெயர்களில் ஒன்று ‘தம்பிரான்’. அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலின் தலைப்பே கடவுளின் பெயரும் வணக்கமும்தான். ஆனால் தம்பிரான் என்பது சைவ மடத்துத் துறவிகளையும் குறிக்கும் சொல். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி வடமொழிச் சார்பான ‘சர்வேசுரன்’ என்ற பெயரை ஊன்றினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் அதுவே நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பூசை ‘திருப்பலி’ ஆனபோது சர்வேசுரனும் ‘இறைவன்’, ‘கடவுள்’ ஆனார். பழைய செபங்களை மனப்பாடமாகச் சொன்ன பாட்டிமார் இருந்த வீடுகளில் அதற்குப் பிறகும் சர்வேசுரன் போகவில்லை.

சீர்திருத்தச் சபைகளில் பூசல் இன்னும் கடுமை. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின் சென்னையில் உழைத்த மிஷனரி பப்ரீஷியஸ் தம் வேத மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். தாயுமானவர் கண்ணியின் ஈற்றில் வரும் ‘பராபரமே’ வழியாகத் தமிழ்க் காதுக்குப் பழகிய பெயர் அது. செர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியவரும் அவரே. அவற்றில் பல இன்றும் பாமாலையில் உள்ளன. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பு பராபரனை விலக்கித் ‘தேவன்’ என்றது. எபிரேயத்தில் யூதர் வாய்விட்டு உச்சரிக்காத நாலெழுத்துத் திருப்பெயருக்குப் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என்று எழுதியது. 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ என்கிறது. தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் பெரும்பாலும் இன்றுவரை வாசிக்கப்படுவதோ 1871இன் தேவனும் கர்த்தரும்தான்.

அப்படியானால் பராபரன் எங்கே போனார்? கீர்த்தனைப் புத்தகத்துக்குள் போய்விட்டார்.

அவரை அங்கே குடிவைத்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, இரண்டாம் சரபோசியின் அவையில் கவிஞராக இருந்தவர். குறவஞ்சி, கும்மி, நாடகம், மாலை என்று நாட்டில் வழங்கிய வடிவம் ஒவ்வொன்றிலும் துதியை ஏற்றினார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பலரும் அறிந்தது. புதிய மிஷனரிகள் வேதத்தின் மொழியைத் திருத்தப் புகுந்தபோது எதிர்த்து எழுதினார். சாதிப் பழக்கங்களை விட மறுத்ததும் அதே எதிர்ப்பின் ஒரு பகுதி. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் மொழி பற்றிய வாதத்தில் அவர் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. மக்கள் தொழுது பழகிய பெயரை அச்சுக்கூடத்தில் மாற்றினால் தொழுகையே அந்நியமாகிவிடும் என்பது தஞ்சைச் சபையார் பட்டறிந்த விஷயம்.

சாஸ்திரியாரின் பாட்டு வைகைக்குத் தெற்கே பரவியதில் அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த இந்த மிஷன், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திருச்சுழிப் பக்கம் மண்டபசாலையில் ஒரு நிலையம் அமைத்தது, பின்னர் அருப்புக்கோட்டையிலும். இப்பகுதியில் பாளையம்பட்டியைச் சுற்றிய சீர்திருத்தச் சபைகளின் வேர் பெரிதும் இங்கே உள்ளது. மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஒன்றைக் கவனித்தார்: மேல்நாட்டு மெட்டில் பாடச் சொன்னால் முணுமுணுக்கும் சபை, ராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனைக்கு வாய் திறக்கிறது. பெரும்பாலும் சாஸ்திரியார் பாடல்களைத் தொகுத்து 1853இல் அவர் சென்னையில் வெளியிட்ட நூல், இன்றைய கீர்த்தனைப் புத்தகங்களின் மூதாதை. பசுமலையில் அதே மிஷனின் வாஷ்பர்ன் பிற்பதிப்புகளைக் கவனித்தார். எழுத்தறியாதவரும் பல்லவியைப் பிடித்துக்கொண்டு பாடினர். உபதேசியார் அடி எடுத்துக் கொடுக்க, சபை திருப்பிச் சொல்ல, கடவுளின் பெயர்கள் நாவில் ஊறின. மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. பலகையில் பெயர் மாறினாலும் கீர்த்தனை மாறவில்லை.

போற்றி மரபை நேரடியாகக் கொண்டுவந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவருடைய ‘போற்றித் திருஅகவல்’, ‘இரட்சணிய மனோகரம்’ ஆகியவற்றின் நடை திவ்வியப் பிரபந்தத்தில் ஊறியவருக்கு அந்நியமாகத் தோன்றாது. பெயரை அடுக்கிப் போற்றுவதைத் தமிழர் வெளியிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. சகஸ்ரநாமமும் திருத்தாண்டகமும் ஒலித்த ஊர்களில் அது முன்பே இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகளும், எழுபதுகளுக்குப் பின் பரவிய அருங்கொடை இயக்கமும் துதியை வழிபாட்டின் நடுவில் வைத்தன. அரை மணி, ஒரு மணி நேரம் துதி மட்டுமே நடக்கும் கூட்டங்கள் வந்தன. ஆயிரம் ஸ்தோத்திரங்களை அடுக்கிய கையடக்கப் புத்தகம் உபவாச ஜெபத்துக்குப் போகும் பெண்களின் பைக்குள் இடம்பிடித்தது. ஊழியர் பெர்க்மான்சின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பாடல் தொகுப்பு ஒலிநாடாவாகச் சிற்றூர் வரை சென்றது. இந்த அலையில்தான் யேகோவாயீரே, யேகோவாநிசி, யேகோவா ரப்பா, எல்ஷடாய் போன்ற எபிரேயப் பெயர்கள் சபையின் நாவுக்கு வந்தன.

இவற்றில் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பொருள் தெரியாமல் ஒலிபெருக்கியில் அடுக்கும்போது பெயர் வெறும் சத்தமாகிறது. வேதத்தில் இப்பெயர்கள் பட்டியலாக வரவில்லை. ஆதியாகமம் 22இல் யேகோவாயீரே என்பது ஆபிரகாம் ஓர் இடத்துக்கு வைத்த பெயர்; மகனுக்குப் பதில் ஆட்டுக்கடா கிடைத்த இடம். யாத்திராகமம் 17இல் யேகோவாநிசி மோசே கட்டிய பலிபீடம். போர் முடிந்த பிறகு இட்ட பெயர். நியாயாதிபதிகள் 6இல் யேகோவா ஷாலோம் கிதியோனுடைய பலிபீடம். செத்துப்போவோம் என்று அஞ்சியவன் பிழைத்த பிறகு கட்டியது. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு நெருக்கடி, பிறகுதான் பெயர். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லும் ஊழியரிடம் துதி ஆழமாகிறது.

வேதத்தில் கடவுளுக்குத் தானே ஒரு பெயரிட்டு அழைத்தவள் ஆகார். வீட்டைவிட்டு வனாந்தரத்துக்கு ஓடிய அடிமைப் பெண். தன்னைக் காண்கிறவர் என்று அவரை அழைத்தாள். அது நடந்த இடம் ஒரு நீர்நிலை; அதற்கு லாகாய்ரோயீ என்று பெயர் வந்தது. அந்த நீர்நிலையைச் சொல்ல 1871 மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்த தமிழ்ச் சொல் ‘துரவு’. கிணறு துரவு என்று சேர்த்தே பேசும் அருப்புக்கோட்டைச் சீமையில் அதற்கு அகராதி தேவையில்லை.