டுவிட்டரின் ‘ரீட்வீட்’ சோதனை: பகிர்வு குறைந்தது, சிந்தனை கூடியதா?

இன்று ‘எக்ஸ்’ என்ற பெயரில் இயங்கும் டுவிட்டர், 2020ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி ‘ரீட்வீட்’ பொத்தானின் வேலையைத் தற்காலிகமாக மாற்றியது. அதை அழுத்தியதும் பதிவு உடனே மறுபகிர்வு ஆகவில்லை. சொந்தக் கருத்தைச் சேர்ப்பதற்கான கட்டம் ஒன்று திறந்தது. எழுத விரும்பாதவர்கள் அதை வெறுமையாக விட்டு இன்னொரு முறை அழுத்தினால் போதும், பழையபடி பகிரப்படும்.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு அப்போது இரண்டு வாரங்களே இருந்தன. பொய்த் தகவல்கள் பற்றிய கவலை பெரிதாக இருந்த நேரம். கண்ணை மூடிக்கொண்டு பகிர்பவர்களைச் சற்று யோசிக்க வைப்பதே மாற்றத்தின் நோக்கம்.

எண்கள் வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. வெறும் மறுபகிர்வு 23 விழுக்காடு குறைந்தது. கருத்துடன் பகிர்வது 26 விழுக்காடு கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தப் பகிர்வு 20 விழுக்காடு இறங்கியிருந்தது.

கூடிய 26 விழுக்காட்டை மட்டும் காட்டி வெற்றி என்று அறிவித்திருக்கலாம். ஆனால் மக்கள் என்ன எழுதினார்கள் என்றும் டுவிட்டர் பார்த்தது. கருத்துடன் வந்த பகிர்வுகளில் 45 விழுக்காட்டில் ஆமோதிக்கும் ஒற்றைச் சொல்தான் இருந்தது. 70 விழுக்காடு 25 எழுத்துகளைக்கூட எட்டவில்லை. கட்டம் நிரம்பியது, அவ்வளவுதான்.

20 விழுக்காட்டுச் சரிவையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். பகிர்வு குறைந்ததால் தவறான தகவலின் வேகமும் குறைந்தது என்று டுவிட்டரே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தடை பொய், மெய் என்று பிரித்துப் பார்க்கவில்லை. விளம்பர வருமானத்தை நம்பியிருக்கும் நிறுவனத்துக்குப் பகிர்வு குறைவது உவப்பாக இருக்காது என்பதையும் இங்கே மறப்பதற்கில்லை.

டிசம்பர் 16ஆம் தேதி பொத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. சிந்தித்துப் பகிர்வது கூடவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த அளவுகோலின்படி முடிவு சரிதான். தேர்தல் நேரத்தில் பொய்யின் வேகத்தைத் தணிப்பது மட்டுமே இலக்காக இருந்திருந்தால், அதே எண்கள் மாற்றத்தைத் தொடர்வதற்குச் சாதகமாகப் பேசியிருக்கும்.

அதே ஆண்டு ஜூன் மாதம் டுவிட்டர் தொடங்கிய மற்றொரு சோதனைக்கு வேறு முடிவு கிடைத்தது. கட்டுரையைத் திறக்காமலேயே பகிர முயன்றால், முதலில் படிக்கும்படி ஒரு குறிப்பு தோன்றும். அதைப் பார்த்தவர்கள் கட்டுரைகளைத் திறப்பது 40 விழுக்காடு கூடியது. திறந்து பார்த்த பிறகு சிலர் பகிராமலே விட்டுவிட்டனர். இதுவும் பகிர்வுக்கு நடுவே வந்த தடைதான். ஆனால் இங்கே அளக்கப்பட்டது இலக்குக்கு மிக அருகில் இருந்தது, எனவே குறிப்பை எல்லாருக்கும் விரிவுபடுத்த முடிவெடுப்பது எளிதாயிற்று. திறந்தவர்கள் கட்டுரையைக் கடைசிவரை படித்தார்களா என்பது அந்த 40 விழுக்காட்டில் தெரியாது.