கழுத்தில் ஒரு பொத்தான்

தனியாக வாழும் கிழவிக்குத் திருடனைவிடப் பெரிய பயம் குளியலறைத் தரைதான். வழுக்கி விழுந்தால் எழுந்திருக்க முடியாது. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. டெலிபோன் இருப்பது கூடத்தில். அந்தப் பத்தடி தூரத்தைத் தாண்டுவதற்கு நடந்த முயற்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ராஜாவும் சேனையும் இல்லாத சரித்திரம். கதை எழுதுகிற எனக்கு அதில்தான் ருசி அதிகம்.

1970-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோர்மான் என்பவர், வீட்டிலிருந்தே உதவி கேட்கும் ஒரு சாதனத்தை உருவாக்கினார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில், பாஸ்டன் சர்வகலாசாலையில் ஆண்ட்ரூ டிப்னரும் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் எஞ்சினீயர் அல்ல, மனோதத்துவப் பேராசிரியர். 1974-ல் அவர் தொடங்கிய ஸ்தாபனத்தின் பெயர் 'லைஃப்லைன்'.

ஏற்பாடு எளியது. உடம்பில் அணிந்த பொத்தானை அமுக்கினால் வீட்டிலுள்ள பெட்டிக்கு ரேடியோ அலை போகும். பெட்டி டெலிபோன் கம்பி வழியாக ஆஸ்பத்திரியை அழைக்கும். அங்கிருப்பவர் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பார். பதில் இல்லையென்றால், ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கும் அண்டை வீட்டுக்காரரையோ உறவினரையோ அனுப்புவார்.

இதற்கா இத்தனை பாடு என்று நினைக்கிறீர்களா? 1996-ல் வெளியான ஒரு மருத்துவ ஆராய்ச்சி பதில் சொல்கிறது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 12 வாரங்களில் 367 பேர் தத்தம் வீட்டில் செயலற்றோ உயிரற்றோ கிடக்கக் காணப்பட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர் மாண்டார்கள். மூன்று நாளுக்குமேல் கிடந்தவர்களில் நூற்றுக்கு 67 பேர். வியாதியும் வயதும் ஒரு பக்கம் இருக்கட்டும்; தாமதமும் கொல்கிறது.

அப்படியிருந்தும் உலகம் சிரித்தது. தரையில் விழுந்த மூதாட்டி பொத்தானை அமுக்கி உதவிக்குக் கதறும் விளம்பரம் ஒன்று 1989-ல் அமெரிக்க டெலிவிஷனில் வந்தது. அவள் கதறலை ஹாஸ்ய நடிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்தவர்களுக்கும் வயதாகும் என்பதை யாரும் நினைக்கவில்லை.

2008-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைப் பற்றியது. பலரிடம் அபாயப் பொத்தான் இருந்தது. ஆனாலும் விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தபோது பெரும்பாலோர் அதை உபயோகிக்கவில்லை! யாருக்கும் தொந்தரவு தரக் கூடாதென்ற சங்கோசம் ஒன்று. விழுந்தது தெரிந்தால் வீட்டைவிட்டு விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. எனக்கு இது ஆச்சரியமாயில்லை. கழுத்தில் அந்தப் பொத்தானை மாட்டிக்கொள்வது, 'நான் இயலாதவள்' என்று எழுதி மாட்டிக்கொள்வது போலத்தானே?

2018-ல் ஆப்பிள் கடிகாரம் விழுவதைத் தானே கண்டறியக் கற்றது. ஒரு நிமிஷம் அசைவில்லை என்றால் தானே உதவிக்கு அழைக்கும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் கடிகாரம். கிழவியின் மானம் தப்பியது.

ஆனால் யந்திரத்தால் கூப்பிடத்தான் முடியும், வர முடியாது. டிப்னரின் நாளிலும் சரி, இன்றும் சரி, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு பெயர் கேட்கிறார்கள். எழுதுவதற்கு ஒரு பெயர் இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள்.